ஆபீஸில் வைத்துப் பார்த்த ப்ராக்ஸி

ஆப்பில் பிழை தேட எந்த ப்ராக்ஸி நல்லது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வேன்: பிழை நடக்கிற இடத்துக்குக் கூடவே வருவது. இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதை நான் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. போக்கியவன் நான்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். பறித்த காயின் எடையை ஃபோனில் பதிகிற ஆப்பை, ஓய்வுபெற்ற பிறகு நான்தான் எழுதிக் கொடுத்தேன். சில மூட்டைகளின் எடை சர்வரில் இரண்டு முறை விழுந்தது. பறிப்பவர்களுக்குக் கூலி கூடட்டும் என்று எடை பதிகிற பெண் வேண்டுமென்றே செய்கிறாள் என்று தோட்டக்காரர் சந்தேகப்பட்டார். ஆப்பைச் சோதித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

ஃபோனுக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று, ஏபிஐ என்கிற இணைப்பு வழியே போவதையும் வருவதையும் அப்படியே காட்டுவது ப்ராக்ஸி. என் முன் இரண்டு இருந்தன. ஒன்று லேப்டாப்பில் ஓடுவது. பெரிய திரை, தெளிவான பட்டியல். ஆனால் ஃபோனும் அதே வைஃபையில் இருக்க வேண்டும். மற்றது ஃபோனுக்குள்ளேயே ஓடுவது. எழுத்து பொடி, என் கண்ணுக்குச் சிரமம். சுகமானதை எடுத்தேன். தோட்டத்தின் போடி ஆபீஸில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவள் ஃபோனில் திரும்பத் திரும்பப் பதிந்தேன். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை.

"ஆப்பில் தப்பில்லை" என்றேன்.

"இங்கன ஒக்காந்து பாத்தா எப்படித் தெரியும் சார்? ஜீப்பு வளைவுல எறங்குறப்ப சிக்னலு செத்துச் செத்துப் பொழைக்கும். அங்க வந்து பாருங்க" என்றாள் அவள்.

நான் போகவில்லை. எடைக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவள் போன பிறகும் எடை இரட்டித்தது. அப்போதுதான் அந்த இரண்டாவது ப்ராக்ஸியை ஃபோனில் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தேன். கொட்டகையில் பதிந்த எடை, ஒரு வளைவில் சிக்னல் கிடைத்ததும் சர்வருக்குக் கிளம்பியது. பதில் வருவதற்குள் சிக்னல் அறுந்தது. பதிலைக் காணாத என் ஆப் அதே எடையை மறுபடி அனுப்பியது. சர்வரில் இரண்டும் இருந்தன.

"அண்ணே, சத்தமில்லாம சரி பண்ணி விட்ருங்க. வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் கேவலம்" என்றார் தோட்டக்காரர்.

"கேவலம்தான். தெரியட்டும்" என்றேன்.

அவள் வீடு தேடிப் போய் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. "எல்லாரும் பாக்கத்தான என்னைய வெரட்டுனீங்க? அங்கனயே நின்னு சொல்லுங்க. வர்றேன்."

மறுநாள் காலை, மூட்டைகளோடு நின்ற வரிசைக்கு முன்னால், தோட்டக்காரர் முறைக்க முறைக்க, ஃபோனைப் பிடித்து, ஒரே எடை இரண்டு முறை போனதாக ப்ராக்ஸி காட்டிய இரண்டு வரிகளையும் சத்தமாகப் படித்தேன். தப்பு என்னுடையது, அவளுடையதல்ல என்றேன்.

"சரி சார், நகருங்க. சோலி கெடக்கு" என்று அவள் தராசின் முன் வந்து நின்றாள்.