ரஞ்சிதத்தின் கையால் வேண்டாம் என்றேன்

அன்பான சகோதரிகளே, முப்பத்தொன்றாம் வருஷம் பர்மாவில் கலகம் மூண்டு எங்கள் வீடு எரிந்தது. நான் பிறந்த மண் அது. உடுத்த சேலையோடு கப்பலேறித் தாத்தாவின் ஊரான நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தேன். நிறைமாதமாக இருந்த தங்கை லில்லியால் வர முடியவில்லை. ஒரு கோயில் கட்டடத்தில் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அகதிகளாய் வந்த பெண்கள் சேர்ந்து பர்மா உதவிச் சங்கம் தொடங்கினோம். யோசனை என்னுடையது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் அதை ரஞ்சிதத்தின் சங்கம் என்கிறார்கள். அவளும் என்னோடு அதே கப்பலில் வந்தவள்தான். நல்ல குரல். வந்த வேகத்தில் இந்த ஊர்ப் பேச்சும் ஒட்டிக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது.

இங்கே பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். நான் வீடு வீடாகப் போய், அதில் பாதியைப் பர்மாவுக்குத் தரும்படி கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, கர்த்தருக்க பங்கிலயா கை வைக்கிய?" என்று ஒரு அக்காள் கதவைச் சாத்தினாள். பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை.

பர்மாவுக்குக் கப்பல் புறப்படும் நாள் நெருங்கியது. அனுப்ப ஒரு முழத் துணி இல்லை, காய்ச்சலுக்கு ஒரு கொயினா மாத்திரை இல்லை. முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, லில்லியைக் காப்பாற்றும். எங்கள் சங்கத்துப் பானையை நிரப்பும். ரஞ்சிதத்தின் கையால் மட்டும் வேண்டாம்."

அந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ரஞ்சிதம் எழுந்தாள்.

"அக்காமாரே, இன்னைக்கு நீங்க உலை வைக்கல்ல. அந்த அரிசி வீட்டுலதான கெடக்கு? அத எங்க ஆளுகளுக்குத் தாருங்க."

அவ்வளவுதான். முறம் முறமாக அரிசி வந்தது. கதவைச் சாத்திய அக்காளும் கொண்டுவந்தாள். கோட்டாற்றுச் சந்தையில் அதை விற்று, துணியும் மருந்தும் வாங்கிக் கப்பலில் ஏற்றினோம். எனக்குச் சந்தோஷம்தான். அதைவிட எரிச்சல். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மறுவருஷம் லில்லி உயிரோடு வந்து இறங்கினாள். இடுப்பில் பெண் குழந்தை. அந்த மருந்தில்தான் பிழைத்தாளாம். அதைக் கொண்டுபோனவர், அனுப்பியவள் என்று யார் பெயரைச் சொன்னாரோ, அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைக்கப்போவதாகச் சொன்னாள். ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நின்றது நான். போதகர் பெயர் கேட்டபோது, "ரஞ்சிதம்" என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

சங்கம் இன்றும் நடக்கிறது. அவள் பாடுகிறாள், நான் பானையைப் பிடிக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் நிச்சயம் தருவார். யார் கையால் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். தங்கை மகளை நான் இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்காகவும் எனக்காக ஜெபியுங்கள்.