சாந்தி மேரி டீச்சரின் கொம்பு

ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில் வந்து சாந்தி மேரி டீச்சர் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஜாங்கிரி டீச்சர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். டீச்சர் இனிப்புக் கடை ஒன்றும் வைத்திருக்கவில்லை, நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறார். அவர் வாசிக்கும் பிரெஞ்சு ஹார்னால் வந்த பெயர் அது. சுற்றிச் சுற்றி வளைத்த பித்தளைக் குழாய், முடிகிற இடத்தில் அகலமான வாய். ஊர்க்காரர்கள் கொம்பு என்பார்கள்.

அது ஊருக்கு வந்ததே ஒரு கூத்து. பங்குக் கோயில் பேண்டுக்கு ஒரு டிரம்பெட் வேண்டும் என்று மாஸ்டர் சவரியார், டீச்சரின் கணவர் ஜோசப்பிடம் சொல்லியிருந்தார். ஜோசப்புக்கு மஸ்கட்டில் வேலை. அங்கே ஓர் ஓட்டலில் இசைக்குழுவைக் கலைத்து வாத்தியங்களை விற்றிருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரியதாக, உருண்டையாக இருந்ததை ஜோசப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு தூரம் சுமந்து வந்த மனுஷனை என்ன சொல்வது என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். பேண்டில் கிளாரினெட் வாசிக்கிற நான், இது டிரம்பெட்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த விடுமுறை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

மாஸ்டர் ஒரே தடவை ஊதிப் பார்த்துக் கீழே வைத்துவிட்டார். டிரம்பெட்டை வலது கை விரல்களால் வாசிப்போம். இதற்கு இடது கை, வலது கையைக் கொம்பின் வாய்க்குள் விட்டுக்கொள்ள வேண்டும். மாதாவுக்கு இடது கையால் வாசிப்பதாவது என்று மறுபடி அவர் அதைத் தொடவில்லை. டீச்சர் கோயிலில் கீபோர்டு வாசிப்பவர், நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியும். சும்மா கிடப்பானேன் என்று எடுத்தார். செல்போனில் வீடியோ பார்த்து, முந்திரித் தோப்புக்குப் போய்ப் பழகினார். அங்கே மாடு மேய்த்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே கைவிட்டு என்ன தேடுகிறீர்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள். டீச்சர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது டபுள் ஹார்ன். ஒரே உடம்பில் இரண்டு கொம்பு இருக்கிறது. இடது கட்டைவிரலை அழுத்தினால் கனத்த குரல் விலகி மேல் குரல் திறந்துகொள்ளும். அது பிடிபட்ட அன்று டீச்சர் தோப்பிலிருந்து நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

அவருக்கு ஒரே ஆசைதான். தேர்பவனியில் பேண்டோடு நடந்து வாசிக்க வேண்டும். மாஸ்டரும் பெருந்தன்மையாகச் சம்மதித்து, கொம்பின் பளபளப்பு ஊருக்குத் தெரியட்டும் என்று முதல் வரிசையில் நிறுத்தினார். அதன் வாய் பின்பக்கம் பார்க்கும் என்பது எங்கள் யார் புத்தியிலும் உறைக்கவில்லை. தெரு திரும்புவதற்குள், பின்னால் வந்த மாஸ்டரின் முகத்திலேயே கொம்பு முழங்கி, அவர் டிரம்பெட் தடுமாறி நின்றுபோனது. எதிரே நின்ற ஊருக்கோ கொம்பு கேட்கவே இல்லை.

"டீச்சரம்மா, ஒங்க கொம்பு ஊருக்கு முதுவக் காட்டுது. கோயிலுக்குள்ள வாசிங்க. ஊர்வலத்துக்கு இது ஆவாது" என்றார் மாஸ்டர்.

அதற்குப் பிறகு வந்த திருவிழாக்களில் டீச்சர் மெழுகுவத்தி பிடித்துக் கூட்டத்தோடு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மாஸ்டரிடம் சண்டைக்கே போனேன். கிளாரினெட் வாசிக்கிறவன் கிளாரினெட்டைப் பார் என்று துரத்திவிட்டார்.

கொம்பின் விளிம்பில் செய்தவர் பெயர் பொறித்திருந்தது. ஒருநாள் டீச்சர் அதை செல்போனில் தேடிப் பார்த்தார். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் பால் கேன் அடிக்கிற தகரக்காரர். பண்ணையார் வீட்டு வேட்டைக் கொம்பு நசுங்கி வந்ததை நிமிர்த்திக் கொடுத்ததில் அவர் தொழிலே மாறிவிட்டது. குதிரையில் முன்னால் போகிறவன் ஊதுவான், காட்டுக்குள் பின்னால் வருகிறவர்கள் அதைக் கேட்டு வழி தவறாமல் வரவேண்டும், அதனால்தான் வாய் பின்னால் இருக்கிறதாம். போரில் பட்டறை இடிந்துபோய்ப் பேரன் மறுபடி எழுப்பினார். பெரிய வித்வான்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று, கற்றுக்குட்டியும் அல்லாத, கைதேர்ந்தவரும் அல்லாத ஊர் பேண்டுக்காரர்களுக்காக இந்த நடுத்தர ரகத்தைச் செய்ய ஆரம்பித்தார். நம்மை நினைத்தே செய்திருக்கிறார்கள் என்று டீச்சருக்கு ஒரே சந்தோஷம். மாஸ்டரிடமும் போய்ச் சொன்னார். பின்னால் வருகிறவர்களுக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் மாஸ்டருக்கு நுரையீரல் கெட்டது. அரியலூருக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்துவிட்டு வீட்டோடு படுத்துவிட்டார். வீடு கோயிலை ஒட்டியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் டீச்சர் வாசிப்பது அவர் கட்டிலுக்குக் கேட்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் போறப்ப டீச்சரம்மாவ கடைசி வரிசையில நிறுத்து, பெட்டிக்கு நேர் முன்னாடி. நீங்கள்லாம் ஊருக்கு வாசிங்க. அந்தக் கொம்பு எனக்கு வாசிக்கட்டும்."

எழுந்து வந்து நீங்களே நிறுத்துங்கள் என்று கத்திவிட்டு வந்தேன். கோபம் அவர்மேல் இல்லை.

தை மாதம் போய்விட்டார். சொன்னபடியே நிறுத்தினேன். கல்லறைக்குப் போகிற ரோட்டில் சிமெண்டு லாரிகள் ஒதுங்கி நின்றன. நாங்கள் முன்னால் பார்த்து வாசித்துக்கொண்டு போனோம். டீச்சர் வாசிக்கிறாரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்ததில் கிளாரினெட்டும் சரியாகப் பேசவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒருவர், டீச்சர் கொம்பு இன்றைக்கும் கேட்கவில்லையே என்றார். நான் அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் மாஸ்டரின் மனைவி அந்தோணியம்மாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வழி முழுக்கப் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்.

"எனக்கு வழி பூரா அதுதாம்மா கேட்டுச்சி. அதப் புடிச்சிகிட்டுத்தான் நடந்து வந்தேன்."

டீச்சர் கொம்பைத் தரையில் வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்த வருஷத் தேர்பவனியில் மாதா தேருக்கு நேர் முன்னால், கடைசி வரிசையில் டீச்சர் நடப்பார்.