முருங்கைக்காய் பறித்த க்யூ

விழுப்புரம் ரயில்வே காலனிக்குப் பின்தெருவில் இருதயமேரி முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்சுவநாத் அவர் வாசலில் வந்து நின்றார். மாதா கோயில் மண்டபத்தில் நடந்த கண் முகாமில் அந்த அம்மாளுக்கு எழுதிக்கொடுத்த படிப்புக் கண்ணாடி தயாராகியிருந்தது. பார்சுவநாத் திண்டிவனத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைக்கு வர முடியாத வயதானவர்களுக்குத் தானே பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

கண்ணாடிக் கூட்டை நீட்டப் போனவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த அம்மாளின் கையிலிருந்த துரட்டுக்கோல் அவரை நிறுத்திவிட்டது. நுனியில் கம்பிக் கொக்கி கட்டியிருந்தது. அடிப்பக்கம் ஈட்டி மரம். அதிலிருந்து கூர்கூராக நாலு முனைகள் மேலே இருந்த வெளிர் மரத்துக்குள் ஏறியிருந்தன. மழையிலும் வெயிலிலும் கிடந்து வெளுத்திருந்தாலும் அந்த முனைகள் நாலும் ஒரே உயரத்தில் நின்றன.

"அம்மா, அது துரட்டி இல்லீங்க."

"பின்ன இன்னா? காய் வுழுதா இல்லியா?"

"பில்லியர்ட்ஸ் மேசையில பந்து குத்துற க்யூங்க அது. கையால செஞ்சது."

"தெரியும். எனக்குன்னு செஞ்சதுதான்," என்றார் இருதயமேரி. சொல்லிவிட்டு இன்னொரு காயை இழுத்தார்.

பார்சுவநாத்துக்கு அன்று வேறு இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. போகவில்லை. முருங்கை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

க்யூ சேர்ப்பது அவருக்கு எப்படித் தொற்றியது என்று கேட்டால் அவரே சிரிப்பார். கல்யாணமான புதிதில் திண்டிவனத்துக் காயலான் கடை ஒன்றில் இரும்புக் கம்பிக் கட்டுக்குள் ஒரு க்யூ செருகிக் கிடந்தது. விறகு விலைக்குக் கொடுத்தார்கள். அதைச் சுரண்டி, வளைவு எடுத்து, எண்ணெய் பூசிப் பார்த்தபோது உள்ளேயிருந்து மரத்தின் ரேகை எழுந்து வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு புதுச்சேரியில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்றாலும், ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா சாமான் ஏலம் என்றாலும் போய்விடுவார். தொழிற்சாலையில் வந்ததைத் தொடமாட்டார். ஒரு மனிதன் உட்கார்ந்து செதுக்கியதாக இருக்க வேண்டும். கண்ணாடி அறுக்கும் சின்ன மெஷினும் அரமும் கடையிலேயே இருந்தன. கடையின் பின்னறைச் சுவர் முழுக்க க்யூக்கள் நின்றன.

ஆனால் அவர் ஆடியதில்லை. இளவட்டமாக இருந்தபோது புதுச்சேரியில் நாலைந்து முறை ஆடியதோடு சரி. கூட ஆட ஆளில்லை.

வீட்டுக்கும் அவை போனதில்லை. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். க்யூவின் நுனியில் தோல் இருக்கும். "தோல் வெச்ச சாமான் வாசப்படி தாண்ட வேணாங்க," என்று மனைவி ஞானமதி ஒரு முறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் அதை மீறவில்லை. பிறகு மகள் சாந்தினியின் பிரசவத்துக்கென்று ஞானமதி ஷார்ஜா போனார். போனவர் இரண்டாவது குழந்தைக்கும் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. வருஷங்கள் ஓடிவிட்டன. தினமும் வீடியோவில் பேசுவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் குடும்பம் என்பதால் பார்சுவநாத் மாலையில் கடையை விட்டுப் போய், ஆளில்லாத வீட்டில் காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கடைக்கு வந்துவிடுவார். வீட்டில் தடுக்க யாருமில்லை. அப்படியும் ஒரு க்யூகூட அந்த வாசற்படியைத் தாண்டவில்லை.

"இத எனக்குக் குடுத்துடறீங்களா? என்ன கேட்டாலும் தர்றேன்," என்றார் அன்று இருதயமேரியிடம்.

"ஏன், உனுக்கும் முருங்கமரம் கீதா?" அந்த அம்மாள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோலைத் தடவினார். "நான் ரயில்வே புக்கிங்ல வேலையில இருந்தப்போ ஸ்டாஃபுங்க ஆட ஒரு டேபிள் இருந்துச்சி. நான் ஒருத்திதான் பொம்பள. அங்க இருந்த கோலெல்லாம் எனக்கு நீளம், கனம். ரயில் பொட்டி ரிப்பேர் பண்ற கேரேஜ் ஷெட்டு கார்பென்டர் பெரியதம்பின்னு ஒருத்தரு, 'இந்தாம்மா, இது உன் அளவு'ன்னு செஞ்சி குடுத்தாரு. இந்த மாரி இன்னும் ரெண்டு மூணு செஞ்சாரு. அதெல்லாம் எங்க போச்சோ. விக்க மாட்டேன். ஆடற மாரி பண்ணித் தர முடியுமா உன்னால?"

"பண்ணித் தர்றேன்."

கோலைப் பழைய புடவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். வேலை லேசில் முடியவில்லை. முனைகளை ஒட்டியிருந்த பழைய பசை விட்டுப்போயிருந்தது. அது வச்சிரம், மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. மூக்கைக் கட்டிக்கொண்டு சுரண்டி எடுத்தார். நுனி வளையம் எலும்பு. அதைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்தார். அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று வெகுநாள் யோசித்தார். கடைசியில், கடையில் விற்காமல் கிடந்த தந்த நிறக் கண்ணாடி ஃபிரேம் ஒன்றின் காதுத்தண்டை அறுத்து, கடைந்து, வளையமாக்கிவிட்டார். தோலுக்குப் பதில் துணி அடுக்கி இறுக்கிய நுனி ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்தார். வளைவை எடுக்கத்தான் அதிக நாள். கொஞ்சம் சூடு காட்டுவதும், கட்டித் தொங்கவிடுவதும், கண்ணருகே பிடித்துப் பார்ப்பதும், மறுபடி சூடு காட்டுவதுமாக மழைக்காலமே போய்விட்டது.

முடிந்த அன்று வீடியோவில் ஞானமதிக்குக் காட்டினார்.

"இதுல தோலும் இல்ல, எலும்பும் இல்ல, மதி."

"அழகாத்தான் இருக்குது. அப்ப வீட்டுக்கே எடுத்தாந்திருக்கலாமே?"

"இது நம்முது இல்லியே."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. ஞானமதி, "இருங்க, வர்றேன்," என்று எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் லைன் போய்விட்டது.

இருதயமேரி கோலையும் காகித மடிப்பையும் வாங்கிக்கொண்டார். எலும்பு வளையத்தைப் பிரித்துப் பார்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு சாப்பாட்டு மேசைமேல் இடது கையை ஊன்றி, விரல்களை விரித்து, குனிந்தார். கோல் அவர் விரலிடுக்கில் முன்னும் பின்னும் சத்தமில்லாமல் போய் வந்தது.

"சென்னை ரோட்டுல மாடி மேல ஆடற எடம் ஒண்ணு தொறந்துக்கிறாங்கோ. வா, போலாம்."

"இப்பவாங்க?"

"பின்ன எப்போ?"

ஆட்டோவில் போனார்கள். ஸ்னூக்கர் சென்டரில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், காட்டன் புடவை கட்டிய அம்மாள் சொந்தக் கோலோடு படியேறி வருவதைப் பார்த்து ஒதுங்கி மேசையைக் கொடுத்தார்கள். எண் போட்ட வண்ணப் பந்துகளைத்தான் ஆடினார்கள். பார்சுவநாத் குத்திய முதல் பந்து மேசையை விட்டே குதித்தது.

"ஊருல கீற கோலெல்லாம் வெச்சிக்கினு இதான் லட்சணமா, கண்ணாடிக்காரரே?"

அன்று அவர் படுதோல்வி. பஸ்ஸில் திரும்பும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகலில் கடையைச் சாத்தினார். பின்னறையிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு க்யூவைக் கொண்டுபோனார். இருதயமேரி அதை வாங்கி எடை பார்ப்பார், குறை சொல்வார், பிறகு தோற்கடிப்பார். ஒரு நாள் கேட்டார்:

"வீட்டுல யாரும் இல்லியா உனுக்கு?"

"இருக்காங்க. ஷார்ஜாவுல."

"எனக்கு ஓசூர்ல."

அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

கோடை தொடங்கியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். இடது ஓரத்தில், குழிக்கு அருகிலேயே நிற்கும் எளிய பந்தை இருதயமேரி விட்டுவிட்டு எட்டாத பந்துக்குப் போனார். முதலில் விளையாட்டுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தார். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. க்யூ நுனியில் தேய்க்கும் சாக்குக் கட்டியை எடுக்கப் போன கை அதற்கு அருகில் துழாவியது. படியிறங்கும்போது இடது தோள் சுவரில் இடித்தது. இத்தனை வருஷம் கண்ணாடி விற்றவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பக்கப் பார்வை போய்க்கொண்டிருந்தது.

சொன்னால் சனிக்கிழமை ஆட்டம் போய்விடும் என்பதும் அந்தப் படியிலேயே அவருக்குத் தெரிந்தது. ஆட்டோ ஸ்டாண்டு வரை கூடவே நடந்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"நேரா பாக்கறதெல்லாம் நல்லாத்தானே தெரியுது!" என்றார் இருதயமேரி.

"அதனாலதாங்க ஓரம் போறது தெரியாது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்."

புதுச்சேரிக்கு அவரே கூட்டிப்போனார். கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். திரும்பும்போது இருதயமேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோலியனூர் தாண்டும்போதுதான் பேசினார்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

பார்சுவநாத் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் அவர் கையை இரண்டு தட்டுத் தட்டினார். தப்பு உன்மேல் இல்லை என்பதா, இத்தோடு சரி என்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

தகவல் தெரிந்ததும் இருதயமேரியின் மகன் ஓசூரிலிருந்து காரோடு வந்தார். தனியாக விட முடியாது என்றார், நியாயம்தான். பார்சுவநாத் போனபோது பாதிச் சாமான் ஏறியிருந்தது. க்யூவைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இருதயமேரி அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வர்றேன் கண்ணாடிக்காரரே. ஆட்டத்த வுட்டுறாத. இப்பதான் கை கொஞ்சம் அடங்குது உனுக்கு."

கார் திரும்பும் வரை நின்றார். தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. மற்ற வருத்தம் போகவில்லை.

இரண்டு வாரம் சனிக்கிழமையும் கடையைத் திறந்து வைத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் புதுச்சேரியில் இடித்த பழைய வீட்டில் எடுத்த க்யூவோடு விழுப்புரம் பஸ் ஏறினார். சென்டர்க்காரர் அதே மேசையைக் கொடுத்தார். தன் முறைக்கு ஒன்று, எதிரில் இல்லாதவர் முறைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் குத்தினார். பாதி ஆட்டத்தில் வீடியோ கால் வந்தது. ஞானமதி.

"எங்க இருக்கீங்க, பின்னால ஒரே சத்தமா இருக்குது?"

"விழுப்புரத்துல. ஆட வந்தேன்."

"யார் கூட?"

"தனியாத்தான்."

ஞானமதி, "போன அப்படியே நிக்க வெச்சிட்டு ஆடுங்களேன். நான் பாக்கறேன்," என்றார்.

அவர் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். குனிந்து குறி பார்த்தார். பந்து போய் இன்னொன்றைத் தொட்டு, குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. "ஐயோ, வுழலியே," என்றது போன். மேசையைச் சுற்றி வந்து அடுத்த முறைக்குக் குனிந்தார். அதற்குள் ஷார்ஜாவில் யாரோ கூப்பிட்டார்கள்; திரையில் வெறும் கூரைதான் தெரிந்தது. அவர் ஆட்டத்தை முடித்துவிட்டே கிளம்பினார்.