கடலைக்கடை கயோ கை தூக்காத கதை

சிபா பக்கத்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்து ஏர்சாஃப்ட் ஆடுகிற தோப்புகளில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. யாச்சிமதா கடலைக்கடை கயோவின் முதுகில் நாற்பது குண்டு பட்டதாம், அவள் கையையே தூக்கவில்லையாம். வறுத்த கடலையை மென்றுகொண்டே நின்றாளாம். சட்டைக்குள் இரும்புத் தகடு இருந்தது என்கிறது ஒரு கட்சி. தகடெல்லாம் இல்லை, அந்த அம்மாளுக்குத் தோலே அப்படி என்கிறது இன்னொரு கட்சி. சின்ன வயதில் மின்னல் அடித்ததிலிருந்து அவளுக்கு முதுகில் உணர்ச்சியே கிடையாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு. "சிபாவிலேயே பெரிய ஜாம்பி" என்று பட்டமும் கொடுத்தாகிவிட்டது. குண்டு பட்டும் படாததுபோல் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு இந்த ஆட்டத்தில் அதுதான் பெயர். திருடன் என்று சொன்னால்கூடச் சிலர் பொறுத்துக்கொள்வார்கள். ஜாம்பி என்றால் முகம் செத்துவிடும்.

கடலை விஷயம் முதலிலேயே பொய். முகமூடி போட்டுக்கொண்டு எப்படிக் கடலை தின்பது? மீதியில் எது நிஜம் என்பதை, அன்றைக்கு அந்தத் தோப்பில் நின்று பார்த்தவர்கள் சொன்னபடி இங்கே சொல்லிவிடலாம்.

கயோ பிறந்தது சோஷி துறைமுகத்தில். கடல்காற்று எலும்புக்குள் குடித்தனம் வைக்கிற ஊர். அங்கேயிருந்து லாரி ஓட்டும் ஷிகெயாகியைக் கட்டிக்கொண்டு யாச்சிமதாவுக்கு வந்தாள். அவர் லாரியில் ஹொக்கைடோ போனால் திரும்பி வருவதற்குள் வீட்டில் பாதி மாதம் ஓடிவிடும். கயோ கடலை வறுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வறுக்கிற சூட்டுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றாலும், சோஷிக் குளிர் அவள் மனதை விட்டுப் போகவில்லை. மகன் ரியோஹெய்க்கு ஆகஸ்ட் மாதத்திலும் வயிற்றில் பட்டை கட்டிப் படுக்கவைப்பாள். பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மூட்டை ஒன்று நடந்து போவதுபோல் இருக்கும், அத்தனை துணி.

ரியோஹெய்க்குப் பதின்மூன்று வயது. வாய் திறக்காத பிள்ளை. பள்ளியில் டேபிள் டென்னிஸ் குழுவில் சேர்ந்து, யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டவன். அவனோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிற பையன் என்று ஒருவன்கூட இல்லை. கயோவுக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவன் ஒருநாள் சாப்பிடும்போது மீனை எலும்பிலிருந்து பிரித்தபடியே சொன்னான்.

"அம்மா, எனக்கு ஏர்சாஃப்ட் ஆடணும்."

"அது என்னது, சோப்பா?"

"துப்பாக்கி. பொம்மைத் துப்பாக்கி. காட்டுக்குள்ள ரெண்டு கட்சியா ஆடுவாங்க. மாசம் ஒரு ஞாயித்துக்கிழம பசங்களுக்குன்னே ஆட்டம் இருக்கு. கூட அப்பாவோ அம்மாவோ வரணும்."

பிள்ளை ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மறுக்க மனம் வரவில்லை.

கடையில் ரியோஹெய் கண்ணை வைத்தது பெரியவர்கள் வைத்திருக்கும் வலுவான துப்பாக்கியின் மேல். கடைக்காரர் அதை மரியாதையாக அவன் கையிலிருந்து வாங்கி மேலே மாட்டிவிட்டு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வலுக்குறைந்த துப்பாக்கியைக் காட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் மணியைத் துப்பும், அவ்வளவுதான்.

"இது பட்டா வலிக்குமா?" என்று கேட்டாள் கயோ.

"ரப்பர் பேண்டு சுண்டுற மாதிரி இருக்கும்மா."

ரப்பர் பேண்டு என்ற சொல்லே கயோவுக்குப் போதும். அன்று ராத்திரியே, வீட்டில் கிடந்த பழைய பஞ்சு வைத்த மேலங்கியை வெட்டினாள். மகனுடைய பச்சைப் புள்ளி போட்ட பட்டாளத்துச் சட்டைக்கு உள்பக்கமாக, தோளிலிருந்து இடுப்புவரை, வெளியே தெரியாமல் தைத்தாள். தையல் பிரமாதம். பையன் போட்டுப் பார்த்துவிட்டு, "கதகதப்பா இருக்கு" என்றான். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை வயல்களில் கடலைச் செடிகளைப் பிடுங்கிப் போர்போராகக் குவித்திருந்தார்கள். அதைத் தாண்டி தேவதாரு மரங்களுக்குள் இருக்கிறது மொசுத் தோப்பு. அதை நடத்துகிற நெமோதோ முன்னாள் பஸ் ஓட்டுநர். ஆட்டம் தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து, அடுத்த நிறுத்தம் சொல்கிற அதே குரலில் விதிகளைச் சொன்னார்.

"உள்ள கால வச்சா கண்ணாடியக் கழட்டக் கூடாது. ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியலயா, ஆட்டத்த விட்டு வெளிய வந்து தொடைச்சுக்கோ. ஓய்வெடுக்கக் கூடாரத்துக்கு வந்தா குண்டு டப்பாவக் கழட்டிடு. மேல குண்டு பட்டா, கையத் தூக்கி 'ஹிட்'னு கத்திட்டு வெளிய வந்துடு. பட்டுச்சுன்னு சுட்டவன் சொல்லக் கூடாது. பட்டவன்தான் சொல்லணும். எவனாச்சும் சொல்லலன்னு தோணுச்சா, அவன்கிட்டப் போயி சண்ட போடாத. எங்கிட்ட வந்து சொல்லு."

ஆட்டமே இந்த ஒரு நம்பிக்கையில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் மணி சாயம் பூசாது, தடம் வைக்காது. பட்டவன் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

முதல் ஆட்டம் முடிந்து வந்தபோது ரியோஹெய்யின் முகத்தைப் பார்த்து கயோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனைச் சுற்றி நான்கு பையன்கள். எவனோ அவன் தோளில் கை போட்டிருந்தான். "ஒரு குண்டுகூடப் படல எம்மேல" என்று அவன் சொல்ல, "புதுசுன்னு சொன்ன, கெட்டிக்காரன்டா நீ" என்றான் ஒருவன். இரண்டாவது ஆட்டத்திலும் அவன்மேல் குண்டு படவில்லை. மூன்றாவதிலும் இல்லை. தோளில் இருந்த கை எப்போது போனதென்று தெரியவில்லை. பையன்கள் தள்ளித் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள்.

நத்சுஹோ என்று ஒரு பெண். பதினைந்து வயது, நீளக் கழுத்து, அந்தத் தோப்பிலேயே குறி தவறாதவள். அவள் ரியோஹெய் பக்கம் திரும்பவே இல்லை. நேரே நெமோதோவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னாள். நான்காவது ஆட்டத்தில் நெமோதோ மரத்துக்கு மரம் மறைந்து பையனின் பின்னாலேயே போனார். அவன் முதுகில் மணிகள் பட்டுத் தெறிப்பதை அவரே பார்த்தார். பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து ஓடிக்கொண்டிருந்தான்.

தனியாக அழைத்துக் கேட்டார். "மேல ஏதாச்சும் பட்டுதா தம்பி?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுப் பாத்துச் சொல்லு."

"படவே இல்லீங்க."

சாப்பாட்டு நேரத்தில் நெமோதோ யார் பெயரையும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் பொதுவாச் சொல்றேன், குண்டு பட்டா மறக்காம கை தூக்கணும்" என்றார். பொதுவாகச் சொன்ன பேச்சு நேராக ஒரே தலையில் போய் உட்கார்ந்தது. ரியோஹெய்யின் தட்டில் சாதமும் கறிக்குழம்பும் ஆறி ஆடை கட்டியது.

"வீட்டுக்குப் போலாம்மா" என்றான்.

"என்னடா ஆச்சு?"

"நான் ஜாம்பியாம். இனிமே நான் வரல. எங்கயும் வரல."

கயோவுக்கு வந்த கோபத்தில் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு நத்சுஹோவிடம் போனாள். "ஏம்மா, எம் புள்ள பொய் சொல்றான்னியா நீ?"

அந்தப் பெண் எழுந்து நின்று, தலை குனிந்து வணங்கிவிட்டுத்தான் பேசினாள். "பொய்னு நான் சொல்லலீங்க. குண்டு படுது, கை தூக்கல. பாத்தத மட்டும் நெமோதோ சான்கிட்டச் சொன்னேன். அவன்கிட்டயே கேட்டிருந்தா அது சண்டையாயிருக்கும். எல்லாரும் பாப்பாங்க. பாவம், இன்னிக்குத்தான் வந்திருக்கான்."

கயோ திரும்பி வந்தாள். கிளம்பிவிடலாம் என்று மகன் முதுகிலிருந்து சட்டையைக் கழற்றினாள். சட்டை கையில் கனத்தது. தொங்கவிட்டால் மடங்காமல் பாதி விறைப்பாக நின்றது. தான் தைத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், மறுபக்கம் ஒன்றும் தெரியவில்லை.

விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பேசாமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறியிருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. இத்தனை பேர் நடுவில் அசட்டுத்தனத்தை அவிழ்த்துக் காட்டுவதென்றால் யாருக்கும் கால் கூசும். ஆனால் பையன் கீழே குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான், கட்டின நாடாவையே அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். கயோ சட்டையைத் தூக்கிக்கொண்டு நெமோதோவிடம் போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"குத்தம் எம்மேல. புள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னு உள்ள பஞ்சு வச்சுத் தச்சுட்டேன். பட்டது அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

நெமோதோ சட்டையைத் தட்டிப் பார்த்தார். மெத்தையைத் தட்டுகிற சத்தம் வந்தது. "இது சட்டையா, படுக்கையா?"

பின்னாலிருந்து ஒரு பையன் முணுமுணுத்தான். "அம்மா வந்து சமாளிக்கிறாங்க."

அது கயோவின் காதில் விழுந்தது. "அப்ப என்னைச் சுடுங்க" என்றாள்.

நெமோதோ முதலில் வேண்டாம் என்றார். பிறகு யோசித்தார். பிள்ளைகள் துப்பாக்கிதான், தூரமும் வழக்கமான தூரம்தான். கண்ணாடி, முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டிவிட்டார். மகனுடைய சட்டைக்குள் கயோ ஒரு மாதிரி நுழைந்துவிட்டாள். அது அவளுக்கு இடுப்புவரைகூட வரவில்லை. மரத்தைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பட்டதும் கை தூக்க வேண்டும். சுடுவதற்கு நத்சுஹோ வந்தாள்.

துப்பாக்கி படபடவென்று துப்பியது. மணிகள் கயோவின் முதுகில் பட்டுப் பட்டுக் கீழே சருகில் உதிர்ந்ததைத் தோப்பே பார்த்தது. கயோ அசையவில்லை. நத்சுஹோ நிறுத்தினாள். மறுபடி சுட்டாள். கயோ அப்படியே நின்றாள். கடைசியில் மரத்தைப் பார்த்தபடியே பொறுமையாகக் கேட்டாள்:

"என்னம்மா, எப்பத்தான் ஆரம்பிப்ப?"

முதலில் சிரித்தது நெமோதோ. அப்புறம் கூடாரமே சிரிப்பில் கவிழ்ந்தது. முணுமுணுத்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சருகில் உருண்டான். நத்சுஹோவுக்கும் கை குலுங்கி இன்னும் ஒன்றிரண்டு மணி எங்கேயோ பறந்தது.

சிரிப்பு அடங்கியதும் நத்சுஹோ துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ரியோஹெய்யின் முன்னால் போய் நின்றாள். "தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோ" என்று இடுப்பு மடிய வணங்கினாள். பையன்களும் ஒவ்வொருவராக வந்து வணங்கினார்கள். ரியோஹெய் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாருக்கும் பதிலுக்கு வணங்கிக்கொண்டே இருந்தான். நெமோதோ அவனுக்கு வாடகைச் சட்டை ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். மெல்லிசுத் துணி. மத்தியான ஆட்டம் தொடங்கின சூட்டிலேயே மரத்துக்குப் பின்னாலிருந்து "ஹிட்" என்று ஒரு குரல் வந்தது. கயோ தன் மகனின் தொண்டையில் அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. அவன் கையை உயரத் தூக்கிக்கொண்டு, தோற்றவன் முகத்தில் இருக்கக்கூடாத சிரிப்போடு வெளியே வந்தான்.

"வலிச்சுதாடா?"

"வலிச்சுதும்மா" என்றான், அவ்வளவு சந்தோஷமாக.

அன்றைக்கு வீட்டுக்குப் போகுமுன் கயோ நெமோதோவுக்கும் நத்சுஹோவுக்கும் எத்தனை தடவை தலை வணங்கினாள் என்று கணக்கில்லை. அந்தப் பெண் கூட்டத்தில் வைத்துக் கத்தியிருந்தால் பிள்ளை அன்றோடு போயிருப்பான், நெமோதோ ஆத்திரத்தில் வெளியே அனுப்பியிருந்தாலும் போயிருப்பான் என்று இப்போதும் சொல்லுவாள். சொன்ன கையோடு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். நன்றியை வாயால் சொல்லி முடிக்க முடியாது என்று முடிவு பண்ணிவிட்டாளோ என்னவோ, பிள்ளைகள் ஆடும் ஞாயிறு தவறாமல் சூடாக வறுத்த கடலை ஒரு மூட்டை கூடாரத்துக்கு வந்துவிடும். பஞ்சுச் சட்டையையும் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டாள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் அதைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்து, நெமோதோ விட்ட இடத்திலிருந்து இவள் ஆரம்பிப்பாள்.

"மொதல்ல துப்பாக்கி வாங்காதீங்க. வாடகைக்கு எடுத்து ஆடிப் பாருங்க. கையில காசு இருந்தா நல்ல கண்ணாடி வாங்குங்க, அது மூஞ்சில சரியா உக்காருதான்னு பாத்து. அப்புறம் வேணா துப்பாக்கி வாங்கலாம், வாங்கினா வர்ற வழியில பையவிட்டு எடுக்காதீங்க. பஸ்ல கெழவி யாராச்சும் பாத்து மயக்கம் போட்டா நீங்கதான் தூக்கணும். அப்புறம், அனுமதிச் சீட்டுல அம்மா கையெழுத்த நீங்களே போட்டுட்டு வராதீங்க. நெமோதோ சான் பஸ் ஓட்டினவரு, பாஸ்ல தில்லுமுல்லு பண்ண உங்கள மாதிரி ஆளுங்கள லட்சம் பேரப் பாத்தவரு. பட்டுதா படலையான்னு சந்தேகமா இருந்தாலும் கையத் தூக்கிடுங்க. வெளிய ஒண்ணும் நஷ்டமில்ல, கடலை இருக்கு. அம்மாமாருங்களா, நீங்க கேளுங்க. குளுருக்கு எவ்ளோ வேணா போடுங்க. வலிக்கக் கூடாதுன்னு போடாதீங்க. வலிக்கலன்னா உங்க புள்ள எப்படி உண்மையச் சொல்வான்?"

ரியோஹெய்க்கு இந்தப் பேச்சு ஆரம்பித்தாலே காது சிவந்துவிடும். கூடாரத்துக்குப் பின்பக்கம் போய்விடுவான். நத்சுஹோவும் அந்தப் பையன்களும் அவன் கூடவே போவார்கள். அவர்கள் அங்கே என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று கயோ எட்டிப் பார்ப்பதில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், பேச்சைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

போன வாரம் கூடாரத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த கயோவிடம், புதிதாக வந்த ஒரு பையனின் அப்பா பயபக்தியோடு கேட்டார். "கயோ சான், நாப்பது குண்டு பட்டும் நீங்க கை தூக்கலையாமே, நெசமா?"

கயோ கடலைத் தொலியை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"யாரு சொன்னா? சட்டமேல பட்டது ஒண்ணும் தெரியல, அது வாஸ்தவம். கடேசியா ஒண்ணு, சட்ட முடியிற எடத்துக்குக் கீழ, உக்கார்ற எடத்துல பட்டுச்சு. உயிரு போச்சு எனக்கு. 'ஹிட்'னு கத்தினேன், ரெண்டு கையையும் தூக்கினேன். இந்த ஆளுங்க அத்தன பேரும் கீழ விழுந்து சிரிச்சுக்கிட்டிருந்தா, எவன் பாத்தான்?"