அப்பாவின் கப்பலில் கை வைத்தவர்கள்

ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு இருக்கிறதே தவிர, கப்பல் வந்து நிற்க வழியில்லை. ஆனாலும் எங்கள் அப்பா ஒரு கப்பல் கட்டினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிக நீளம், இரண்டு பாய்மரங்கள், தேக்குச் சிராய்களை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்த வயிறு. நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அந்தக் கப்பலில் ஒரு குற்றம் நடந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது.

அப்பா வீட்டு பிளான் வரைகிறவர். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் முதலில் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மௌஸைத் தொடுவார். வெறுங்கையால் அவர் போட்ட கோட்டின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்துப் பலமுறை ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ள தில்லை நகருக்குப் போனவர், டாக்டரின் மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னக் கப்பலைப் பார்த்து, வாயில் பஞ்சோடு அதைப் பற்றி விசாரித்தாராம். வீட்டுக்கு வரும்போது ஒரு பல் குறைந்து, கையில் ஒரு கப்பல் பிளான் கூடியிருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எல்லாம் அந்தப் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில்தான். மொத்தம் நான்கு பேர். பல் டாக்டர் ஒருவர். பாலக்கரைக்காரர் ஒருவர்; வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கும் துறையில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர், எல்லோருக்கும் பாய். மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் கணக்கு டீச்சர் ஒருவர். அவர்கள் குடும்பத்துக்கு அங்கே அரிசி மில். நாலாவது எங்கள் அப்பா. பாய்மரத் துணிக்கு டீச்சர் பழைய வேட்டியைக் கிழித்து டீத்தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுவருவார். டாக்டர் பல் நோண்டும் பழைய கம்பிகளை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தார். ஒருவர் பசை காயக் காத்திருக்கும்போது இன்னொருவரின் கப்பலுக்குக் கொக்கி வளைத்துக் கொடுப்பார். சண்டை என்று பார்த்தால் ஃபேனை நிறுத்துவதா வேண்டாமா என்பது மட்டும்தான்.

அந்த வருடம் அப்பா ஸ்கூட்டரை உறை போட்டு மூடிவிட்டார். பாலத்தில் டிராஃபிக் ஜாஸ்தி, பஸ்தான் சௌகரியம் என்றார். கூடத் துணைக்கு என்னை அனுப்பினாள் அம்மா. அப்பாவுக்கு எதற்குத் துணை என்று நான் கேட்கவில்லை. போனால் சமோசா கிடைக்கும்.

பின்னறையில் எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வருடம் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் இருந்தது. வகுப்பில் நான் வரைந்த மயிலை ஒருத்தி, "இரு, நான் சரி பண்ணித் தரேன்" என்று வாங்கிப்போய், தோகைக்கு நாலு கோடு கூடப் போட்டு, அடியில் தன் பெயரையும் எழுதிப் பரிசு வாங்கிவிட்டாள். அதிலிருந்து, ஒருவர் பொருளை இன்னொருவர் சரிசெய்வது என்றாலே எனக்குத் திருட்டின் வாசனை அடிக்கும்.

அப்பா அப்போது கயிற்றேணி கட்டிக்கொண்டிருந்தார். மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்காக இரண்டு பக்கமும் ஏணி மாதிரிக் கயிறு போகும். ஒவ்வொரு படியும் ஒரு துண்டு நூல். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பார்த்தேன். இரண்டு படிகள் கோணலாக இருந்தன. ஒன்றில் நூல் நுனி பல்லிவால் மாதிரி தொங்கியது. அப்பாவா இப்படி என்று ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், இரண்டும் நேராக இருந்தன. பல்லிவாலைக் காணோம்.

அப்பா வார நாளில் அந்தப் பக்கமே போவதில்லை. அப்படியென்றால் யார்?

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முந்தின வார ஏணியை ஞாபகத்திலிருந்து வரைந்து இரண்டு பெருக்கல் குறி போட்டேன். பக்கத்தில் அன்றைய ஏணியை வரைந்தேன். அன்று அப்பா கட்டியதில் கோணலான படிகளுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டேன். ஆறு இருந்தன. மறுவாரம் அந்த ஆறும் நேராகிவிட்டன. புதிதாகக் கட்டியதில் பதினொன்று கோணல். இப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. யாரோ அப்பாவின் கப்பலில் கை வைக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைப்பதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலில் அப்பாவுடையதுதான் பெரிது. எனக்கு மயில் ஞாபகம் வந்தது.

முதல் சந்தேகம் பாய் மேல்தான். நிஜக் கப்பல் கயிறுகளைத் தொட்டவர் அவர் ஒருவர். தவிர, புதன்கிழமைகளிலும் அவர் வருவதாக டோக்கன் கொடுக்கும் அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். "அன்னைக்கும் பாய் வருவார் பாப்பா, உங்கப்பாதான் வரமாட்டார்" என்றாள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் எனக்குப் பல்வலி வந்தது.

அம்மா கிராம்பு கொடுத்துப் பார்த்தாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து தில்லை நகருக்கு அழைத்துப்போனாள். அக்கா டோக்கன் எழுதிக்கொண்டிருக்கும்போது பாத்ரூம் என்று சொல்லிவிட்டு நழுவினேன். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே பாய் கத்தரிக்கோலோடு குனிந்திருந்தார். டீச்சர் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டோடு டாக்டரும் அங்கேதான் இருந்தார், கண்ணில் பூதக்கண்ணாடியோடு. மூவருக்கும் நடுவில் அப்பாவின் கப்பல். பாய் ஒரு முடிச்சை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் வேறு நூல் கட்டினார்.

"ரொம்ப நேரா கட்டாதீங்க பாய். லேசா விட்டுக் கட்டுங்க. இல்லன்னா சார் கண்டுபிடிச்சிடுவார்" என்றார் டீச்சர்.

திருடன் ஒருவன் என்று நினைத்து வந்தேன். மூன்று பேர் சேர்ந்து செய்கிறார்கள். அதுவும் அப்பாவுக்குத் தெரியக்கூடாதாம்.

சற்று நேரத்தில் டாக்டர் ஒன்றும் நடக்காதவர் மாதிரி வந்து என் வாயைத் திறந்து விளக்கைக் காட்டினார். "எந்தப் பல்லும்மா?" என்றார். ஒன்றைக் காட்டினேன். கம்பியால் தட்டினார். "இதுவா?" "இல்ல, அது" என்று வேறொன்றைக் காட்டினேன். "பல்லெல்லாம் பிரமாதமா இருக்கு" என்று சொல்லி என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

அம்மா மட்டும் உள்ளே நின்றாள். திரைச்சீலை வழியாக அவள் குரல் தாழ்ந்து கேட்டது. "போன வாரம் எப்படி இருந்தார் டாக்டர்?"

"ஞாயித்துக்கிழமைய நாங்க பாத்துக்கறோம். நீங்க கவலைப்படாதீங்க."

வெளியே வந்த அம்மா என் பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனபோதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக அம்மாவும் இதில் கூட்டு. ஊரில் அப்பா பக்கம் நிற்க நான் ஒருத்திதான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டில் சொன்னால் அம்மா மழுப்பிவிடுவாள் என்று ஞாயிறு வரை வாயைத் திறக்கவில்லை. அன்று பின்னறையில் எல்லோரும் உட்கார்ந்து, அப்பா வழக்கம்போல வேலையைத் தொடங்குமுன் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றேன்.

"அப்பா, உங்க கப்பல்ல இவங்க கை வைக்கிறாங்க."

எல்லோரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தைரியம் கூடிற்று. "நீங்க கட்டினத வெட்டிட்டு வேற கட்டுறாங்க. புதன்கிழமை நானே பாத்தேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க." ரஃப் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்."

டீச்சர் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பாய் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "சார், அது வந்து..." என்று டாக்டர் ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அப்பா நோட்டை எடுத்துப் பார்த்தார். வாரவாரியாக மூன்று ஏணிகள். அவற்றில் பெருக்கல் குறிகள். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

"ரெண்டு. ஆறு. பதினொண்ணு" என்றார். பிறகு, "வாராவாரம் கூடிக்கிட்டே வருதே" என்றார்.

"ஆமாப்பா!" என்றேன்.

நோட்டு அவர் கையில் படபடத்தது. ஃபேன் காற்று என்று முதலில் நினைத்தேன். காற்றில்லை, கைதான் நடுங்கியது. வலது கை. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை. அப்பாவுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கு இவர்களை ஒரு வழி பண்ணிவிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "நாங்க கிளம்பறோம் டாக்டர்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பாய் மட்டும் வாசல் வரை வந்தார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அப்பா தில்லை நகருக்குப் போகவில்லை. மதியம் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நம்பியவர்கள் ஏமாற்றினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஒருமுறை மட்டும் தலை பின்னிக்கொண்டே, "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமேடி" என்றாள். சொல்லியிருந்தால் மறைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா?

மூன்றாவது ஞாயிறு மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். துணிக்கூடையில் ஸ்பாஞ்ச் பரப்பி, அதில் கப்பலை வைத்து டீச்சர் மடியில் தாங்கி எடுத்துவந்திருந்தார். அப்பா எழுந்து வரவே அரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர் கப்பலைப் பார்த்தார். பாய் கையில் இருந்த நூலைப் பார்த்தார்.

"பாதில நிக்குது சார்" என்றார் பாய். "எங்க கட்டணும்னு நீங்க சொல்லுங்க. நான் கட்டறேன். கப்பல் கட்டுற எடத்துல எல்லா முடிச்சையும் ஒருத்தரே போடறதில்ல."

அப்பா குனிந்து ஏணியை ஒவ்வொரு படியாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மேலேர்ந்து மூணாவது படி. கொஞ்சம் லூஸா இருக்கு. அத அவுத்துடுங்க" என்றார். அது பாய் கட்டிய முடிச்சு. டாக்டர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கப்பலை அப்படித்தான் முடித்தார்கள். அப்பா சொல்ல, மற்றவர்கள் கட்ட. கண்காட்சியில் அதன் கீழே நான்கு பெயர்கள் இருந்தன. அப்பாவின் நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்றும், அதை முதலில் கவனித்து வேறு டாக்டரிடம் அனுப்பியவர் பல் டாக்டர்தான் என்றும், பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் நான் ஒன்பதாவது படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். முடிச்சுகள் மாறுவது அப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

ஆனால் அவர்கள் வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதொன்றும் தெரியாது. மற்ற இருவரும் படியிறங்கிப் போன பிறகு பாய் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா கவனிச்சிருக்கே பாப்பா" என்றார். "நாங்க அத்தன பேரும் ஒன்னய கவனிக்காம விட்டுட்டோம்."

"இனிமே எங்கப்பாவுக்குத் தெரியாம எதையும் தொடாதீங்க."

"தொடமாட்டேம்மா."

"ப்ராமிஸ்?"

அவர் நெஞ்சில் கை வைத்தார். "ப்ராமிஸ்."

நான் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் உடனே இறங்கிப் போகவில்லை. படியில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிடிபட்டவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டு, அவர் தெரு திரும்பும் வரை நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.