நான்காம் விதியும் மத்ஹா வாய்க்காலும்

வாசகர்களே, நீங்களே சாட்சி. சென்ற வாரம் இதே பத்தியில், ஸ்ப்ரிங் பிரேக்கில் ஊர்சுற்றக் கிளம்பும் கல்லூரி மாணவர்களுக்காகப் பத்துப் பாதுகாப்பு விதிகளை அச்சில் ஏற்றினேன். மறுக்கப் போவதில்லை. மறுத்தால், அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் என் அம்மாவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வார்.

நான்காவது விதி நினைவிருக்கிறதா? 'முன்பின் அறியாதவரிடம் வழி கேளாதீர், மேப்பை நம்புங்கள்.' எழுதியதும் உரக்கப் படித்துப் பார்த்தேன். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். பட்டிமன்றங்களில் பழகிய எனக்கு, ஒரு கருத்து சரியானது என்பதற்கு அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

விதி வகுத்தவன் வீட்டில் உட்காரலாமா? கிளம்பினோம், மூன்று பேர். வண்டி ஓட்டியவன் செந்தில் — எமிரேட்ஸில் நாங்கள் குடியிருக்கும் முவைலாவில் எங்களுக்குப் பக்கத்து பில்டிங். பின் சீட்டில் துவாரகன் — யாழ்ப்பாணத்தான், என் வகுப்புத் தோழன், குறைவாகப் பேசி நிறையக் காயப்படுத்துபவன். முன் சீட்டில் மேப்பும் நானும்.

வண்டி செந்திலின் அப்பாவுடையது. அவர் ஒரு கட்டுமான சைட்டில் ஃபோர்மேன். பல வருடங்கள் கம்பெனி பஸ்ஸில் டியூட்டிக்குப் போய்வந்த பிறகு வாங்கிய முதல் கார். அதன் சாவியை மகனிடம் அவர் ஒருநாளும் தனியாகக் கொடுத்ததில்லை. கொடுக்க வைத்தவன்... அடியேன். அவர்கள் வீட்டு ஹாலில் நின்று ஏழு நிமிடம் பேசினேன். டீ ஆறியது. அவர் மனமும் இளகியது.

"எல்லாம் சரிப்பா. ஒண்ணே ஒண்ணு. இன்ஷூரன்ஸ் எமிரேட்ஸுக்குள்ள மட்டுந்தான். வண்டி பார்டர் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா, இனிமே சாவி என் தலகாணிக்கு அடியிலதான்."

"அதுக்கு நான் பொறுப்பு அங்கிள்," என்றேன். ஆறாம் விதிப்படி, எங்கள் லைவ் லொகேஷனையும் அவருடைய போனுக்கு அனுப்பி வைத்தேன். பொறுப்பு என்றால் அப்படி இருக்க வேண்டாமா?

கொர்ஃபக்கான் கடற்கரையில் புளிச்சோறு சாப்பிட்டு முடித்தோம். திரும்பும் வழியில், மலைப் பக்கம் ஒரு சாலை பிரிவதைப் பார்த்தேன். மேப்பில் பச்சைப் பள்ளத்தாக்கு, பேரீச்சந்தோப்புகள். 'மத்ஹா' என்று பெயர்.

செந்தில் ஒரு குரோசரி வாசலில் வேகத்தைக் குறைத்தான். "டேய், இது எங்க போகுதுன்னு கடையில ஒரு வார்த்தை கேட்டுருவோமா?"

"நாலாவது விதி," என்றேன்.

ஐந்து நிமிடம் போயிருப்போம். மூன்று போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. குறுஞ்செய்தியில் ஓமான் எங்களை அன்புடன் வரவேற்றது. அத்துடன் நெட் நின்றது. மேப் நின்றது.

விஷயம் இதுதான். எமிரேட்ஸின் வயிற்றுக்குள் ஓமானின் துண்டு ஒன்று இருக்கிறது. நாலாப் பக்கமும் எமிரேட்ஸ், நடுவில் ஓமான். கேட் இல்லை, செக்கிங் இல்லை, பாஸ்போர்ட் கேட்க ஒரு மனிதர் இல்லை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான்; பத்து விதி எழுதியவன் நான். எனக்கு அது தெரியாது. குரோசரிக்காரருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

"மச்சான், உன்ர பத்து விதியில ஓமானுக்கு ஒண்டும் இல்லையோ?" — பின் சீட்டு.

"உடனே திருப்பு," என்று செந்திலை விரட்டினேன். சாலை குறுகல். ஓரத்தில் தோப்புக்குத் தண்ணீர் போகும் சிமெண்ட் வாய்க்கால். ரிவர்ஸ் எடுக்க வழிகாட்டுவதற்காக நான் கீழே இறங்கி நின்றேன். நின்றவன் என்ன செய்தேன்? பேசினேன்.

"வலப்புறம் போதிய இடம் இருப்பதைக் கருத்தில் கொண்டு, அதேவேளை இடது பின்சக்கரத்தின் நிலையையும் புறக்கணியாது, மெல்ல மெல்ல..."

தொம்.

சக்கரம் வாய்க்காலில் இறங்கியிருந்தது.

"நிப்பாட்டு எண்டு சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்றான் துவாரகன். கேட்டானே தவிர, சிரிக்கவில்லை. காரணம், செந்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்ஷூரன்ஸ் இல்லாத நாட்டுல நிக்குதுடா வண்டி. எங்கப்பாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?"

ஏழு நிமிடம் பேசிச் சாவி வாங்கிய நான், குனிந்து சக்கரத்தை ஆராய்ந்தேன்.

தோப்புக்குள்ளிருந்து மண்வெட்டியோடு இருவர் வந்தார்கள். முன்பின் அறியாதவர்கள். நான்காம் விதி எனக்குள் ஒருமுறை இருமியது.

"தமிழாளுகளா? எந்தூரு தம்பி?" என்றார் முன்னால் வந்தவர். பரமக்குடிப் பக்கம், பெயர் முனியசாமி, தோப்பில் வேலை.

"வணக்கம் அண்ணே. எதிர்பாராத ஒரு சூழ்நிலையில், நாங்கள்..."

"கதைய அப்புறமாச் சொல்லுங்க. ஓட்டுற தம்பி, ஸ்டியரிங்க நேரா வைங்க. பேசுற தம்பி, பின்னாடி வந்து ஒரு கை புடிங்க."

சக்கரத்தின் கீழே ஒரு பலகையைச் செருகினார். கூட வந்தவர் "யல்லா" என்று அரபியில் முடுக்கினார். நால்வர் தள்ளினோம். ஒரு உறுமல், கார் மேலே வந்தது. "கலாஸ், முடிஞ்சுது," என்று முனியசாமி கையைத் தட்டிக்கொண்டார். பம்பரின் அடியில் விரல்நீளக் கீறல். வேறொன்றும் இல்லை.

"அந்த வளைவு தாண்டுனா ரவுண்டானா இருக்கே தம்பி. அதுல சுத்தி வந்திருக்கலாம்ல. யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேக்குறதுதான?"

அவர் என் பத்தியைப் படிப்பவராக இருக்க வாய்ப்பில்லை. இருக்கக் கூடாது.

எல்லையைத் தாண்டி, ஒரு பெட்ரோல் பம்ப்பில் நிறுத்தினோம். போன்களுக்கு உயிர் வந்தது. ஒன்பது மிஸ்டு கால், எல்லாம் செந்திலின் அப்பா. அடுத்த அழைப்பும் அவரே. ஸ்பீக்கரில் போட்டான்.

"வண்டி எங்கடா? புள்ளி ஓமான்ல போய் நின்னுச்சு. பெறகு ஆளே காணோம்."

செந்தில் என்னைப் பார்த்தான்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் என்னிடம் ஒரு வாதம் தயாராக இருந்தது. அந்த ஓமானைச் சுற்றி நாலாப் பக்கமும் எமிரேட்ஸ்; ஆகவே நாங்கள் எமிரேட்ஸுக்குள்ளேதான் இருந்தோம். எந்த நடுவரும் அசந்துபோவார். முன்னுரைக்காக வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது செந்தில் சாவியைக் கழற்றி, கைக்குள் இறுக மூடிக்கொண்டான் — யாரோ பிடுங்க வருவது போல.

வாதத்தை விழுங்கினேன்.

"அங்கிள், தப்பு என் மேலதான். கடையில வழி கேக்கலாம்னு செந்தில் சொன்னான். நான்தான் வேணாம்னேன். பம்பர்ல ஒரு கீறல் விழுந்திருக்கு. அதுவும் நான் பேசுனதுல விழுந்ததுதான்."

வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதே இல்லை.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்ல அங்கிள்."

"கேக்கலாம்னு சொன்னது செந்திலா?"

"ஆமா அங்கிள்."

"அப்ப சாவி அவன்கிட்டயே இருக்கட்டும். உன்னத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

துவாரகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. செந்தில் மூடியிருந்த கையைத் திறந்து, சாவியை மறுபடி வண்டியில் மாட்டினான்.

வாசகர்களே, நான்காம் விதியை இத்துடன் வாபஸ் பெறுகிறேன். வழி தெரியாத இடத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். அம்மாக்கள் ஃபிரிட்ஜில் திருத்திக்கொள்ளவும். பெட்ரோல் போடும் அண்ணனும் வேடிக்கை பார்க்க, அங்கிளிடம் நான் உரக்கக் கொடுத்த வாக்கையும் குறித்துக்கொள்ளுங்கள்:

"இனிமே இந்த வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது, என் வாயில ஒரே ஒரு வார்த்தைதான் வரும் அங்கிள் — ஸ்டாப்."