டப்பா சொன்ன ‘வர்றேன்’

அந்த விளையாட்டை நாங்கள் தொடங்கியது ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு. நண்பன் ஆவணி என்று சாதிப்பான். அன்று அவன் வீட்டுக்குத் திரும்பும் தெருமுனையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். ஆவணியில் யார் கூழ் ஊற்றுகிறார்கள்? இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவான்.

இடம் ஆம்பூரில் அவன் வீட்டு மாடியறை. அவன் அப்பா காலத்துத் தோல் மாதிரிகள் சுவரோரம் அடுக்கியிருக்கும். வெளியூர்க்காரர்கள் அந்த அறையில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு வாசனையே தெரியாது.

விளையாட்டுக்குத் திரையும் இல்லை, காய் நகர்த்தும் கட்டமும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். சந்தேகமான இடத்தில் பகடையை உருட்டுவோம். எங்கள் கதை ஒரு பழைய விண்கலத்தில் நடந்தது. நடத்தியவன் நண்பன். கேப்டன், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வரும் தோழி; எங்கள் இருவருக்கும் அவர் அக்கா. ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் வேலை. “வாரம் பூரா எல்லாரும் எனக்கு ஆர்டர் போடுறாங்க. ஞாயித்துக்கிழமையாவது நான் போட்டுக்கிறேன்” என்று கேப்டன் நாற்காலியை முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

நான் கப்பலின் பழுது பார்க்கும் ரோபோ.

“இன்னாத்துக்குடா ரோபோ? பைலட் ஆவு, டாக்டர் ஆவு” என்றார் அக்கா.

“ரோபோன்னா யாருக்கும் காரணம் சொல்ல வேணாம்க்கா.”

“அப்போ உன் பேரு டப்பா. போய் வால்வைத் திருகு.”

ரோபோக்கள் வரும் கதைகள் நிறைய வாசித்திருக்கிறேன். அவை கலகம் செய்யும், காதலிக்கும், மழையில் நின்று அழும். என் டப்பா மாதக்கணக்கில் வால்வு திருகியது. கேப்டன் விடுதலை சொல்லும்வரை அது கப்பலின் சொத்து. இன்னொரு விதியும் உண்டு: ரோபோ தன் வாயால் சொன்னது அதற்கே கட்டளை, சொன்னால் செய்தே தீர வேண்டும். அதனால் நான் அளந்துதான் பேசினேன். எந்தக் கப்பலுக்கும் சொந்தமில்லாத ரோபோக்கள் சேர்ந்து வாழும் ஒரு நிலவைப் பற்றிக் கதையின் நடுவில் ஒருநாள் தெரியவந்தது. அன்று முதல் டப்பாவுக்கு அங்கே போக வேண்டும். அக்கா விடவில்லை.

“நீ போய்ட்டா வால்வை யாரு பாப்பா?”

இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வார நாட்களிலும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஷூவின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நடத்துகிறார். நான் பாலிடெக்னிக் முடித்த ஆண்டு அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே மாமா என்னைச் செக்கிங் மேசையில் உட்கார வைத்துவிட்டார். இடது கால் தோலும் வலது கால் தோலும் ஒரே நிறமா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. ஒரு சாயல் மாறினாலும் வாங்குகிறவர்கள் மொத்தத்தையும் திருப்பிவிடுவார்கள். சில ஆண்டுகளாக மாமாவுக்கு அந்தச் சாயல் தெரிவதில்லை. வேலூரில் கண் டாக்டரைப் பார்க்கலாம் என்றால், “இந்த ஆர்டர் போவட்டும்” என்பார். தெரியவில்லை என்று அவர் சொன்னதே இல்லை. ஜோடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு என் பக்கம் நீட்டி, “சரியா?” என்பார். நான் சொல்வேன். யூனிட்டில் இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரில் வேலை கிடைத்தது. பழைய பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றித் தேதிவாரியாக வகைப்படுத்தும் வேலை. என்னை மனதில் வைத்தே யாரோ உண்டாக்கிய வேலை போலிருந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமாவிடம் சொல்லப் பலமுறை அவர் மேசைவரை போனேன். “இன்னாடா?” என்பார். “ஒண்ணுமில்ல மாமா” என்று திரும்புவேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு அக்காவிடமும் நண்பனிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கப்பல் அந்த நிலவுக்குப் பக்கத்தில் வந்ததும், அக்காவே எழுந்து நின்றார்.

“டப்பா, கேப்டன் சொல்றேன். உனக்கு விடுதலை. இனிமே நீ யாருக்கும் சொந்தமில்ல. போ.”

கப்பல் கதவு திறந்தது என்றான் நண்பன். நான் வாசலில் நின்று, கேப்டனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: “வர்றேன் கேப்டன்.”

நண்பன் பகடையைக் கீழே வைத்தான்.

“இன்னா சொன்ன?”

“வர்றேன்னு.”

“போச்சு. ரோபோ சொன்னா செய்யணும். நீ திரும்பி வரணும்.”

“டேய், அது சும்மா சொல்றதுடா” என்று அக்கா பாய்ந்தார். “யாராவது வீட்ட விட்டுக் கெளம்பறப்போ போறேன்னு சொல்வாங்களா?”

“எங்க வீட்லயும் அதே கதைதான்க்கா. கெளம்பறப்போ உருதுல ஜாதா ஹூ, போறேன்னு சொன்னா எங்க அம்மி செருப்பை எடுப்பாங்க. ஆதா ஹூ, வர்றேன்னுதான் சொல்லணும். ஆனா அதெல்லாம் மனுசனுக்கு. ரோபோவுக்குச் சும்மா சொல்றதுன்னு ஒண்ணு இருக்கா?”

“பேஜார் புடிச்சவனே, மாத்து.”

அவன் இளகிவிட்டான். “சரி தோஸ்த், ஒரு சான்ஸ். போறேன்னு சொல்லு. மொதல்ல சொன்னதை விட்டுர்றேன்.”

வாயைத் திறந்தேன். விளையாட்டுதானே, ஒரே சொல்தானே. அந்தச் சொல்லை நான் கேட்டதெல்லாம் சண்டையில் கதவை அறைந்துவிட்டுப் போகிறவர்களிடம். இன்னொரு முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில், அப்பாவிடம்.

“இருக்கட்டும்டா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றேன்.

மறுநாள் காலை சைரன் அடித்ததும் நேராக மாமாவிடம் போனேன். இந்த முறை அவர் “இன்னாடா” என்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

“மாமா, பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. ஒண்ணாந்தேதி சேரணும்.”

அவர் ஒரு ஜோடியைக் கையில் வைத்திருந்தார். “நல்ல வேலையா?”

“நல்ல வேலை மாமா.”

“சந்தோசம். போய்ப் பாத்துட்டு வா. ஒரு வாரம் ஆவுமா? உன் மேசைல வேற ஆளைப் போட மாட்டேன்.”

போய், பார்த்துவிட்டு, வா. மூன்று சொற்களில் என் வேலை ஒரு வார விடுப்பாகிவிட்டது. அவர் புரியாமல் சொன்னாரா, புரிந்தே சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

“பாத்துட்டு வர்றதுக்கு இல்ல மாமா. நான் போறேன்.”

சொல்லிவிட்டேன். தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மாமாவின் கை மட்டும் நின்றது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; கோபப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே வெளியேறியிருப்பேன்.

“அப்டிச் சொல்லாதடா” என்றார், மிக மெதுவாக. “வர்றேன்னு சொல்லிட்டுப் போ.”

அவர் கேட்டது அவ்வளவுதான்.

“வர்றேன் மாமா.”

தலையாட்டினார். கையிலிருந்த ஜோடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, வெகு நேரம் பார்த்தார். பிறகு, வழக்கம்போல என் பக்கம் நீட்டாமல், தானே ‘சரி’ என்று சொல்லி, தேறிய ஜோடிகளுக்கான பெட்டியில் போட்டார்.

இடது கால் தோல் வலதைவிட நன்றாகவே சிவந்திருந்தது. நான் குனிந்து அந்த ஜோடியை வெளியே எடுத்தேன். அவர் பார்க்காததுபோல் இருந்தார். நான் என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். மாலையில், பெங்களூருக்கு வர இயலாது என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “அடப்பாவி, கேப்டனே விட்டாலும் போவ மாட்டியா நீ?”

நண்பன் எதுவும் கேட்காமல் ஆட்டத்தைத் தொடங்கினான். “கப்பல் இன்னும் அங்கதான் நிக்குது. கதவு தெறந்திருக்கு. டப்பா இன்னா பண்ணுது?”

“வந்துட்டேன் கேப்டன்” என்றேன்.

அக்கா பகடையை உருட்டாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கப்பலில் ஒரு வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் திருகு என்று அவர் எனக்குக் கட்டளையிடவில்லை. நானாகவே போனேன்.